பூவரசடிக் கிணறும் அப்பாவின் இடாப்பும்

பிள்ளை,

நீ போய் இறங்கிய அன்று, குளிரையும் சாப்பாட்டையும் விட்டுவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியது. "அங்கத்தைத் தண்ணி எப்பிடிப் பிள்ளை?" என்றேன். நீ சிரித்தாய். "குழாயிலை வருது அப்பா. உப்பே இல்லை. அப்பிடியே குடிக்கலாம்" என்றாய். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. இன்றோடு இரண்டு மாதம் ஆகிறது. நம் தீவில், இறுப்பிட்டி வீட்டுக் குசினியில், நீ கொம்பியூட்டரை வைத்துப் படித்த அதே மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். யன்னல் ஓரத்தில் நீ ஒட்டி வைத்த "இங்கே மட்டும் சிக்னல் வரும்" என்ற துண்டு இன்னும் கிடக்கிறது. அதைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. எதையும் கிழிக்கவோ வெட்டவோ மனம் வராத ஆள் உன் அப்பன் என்பது உனக்குத் தெரியாததா? இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான்.

இதை உனக்கு அனுப்புகிற அன்றைக்கே, வெளிநாட்டிலுள்ள நம் ஊரவர்கள் வருடாவருடம் போடுகிற மலருக்கும் அனுப்பப் போகிறேன். கோபிக்காதே. என் மகளின் கெட்டித்தனத்தை நாலு பேர் அறியட்டும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் மெய்யான காரணம் வேறு. முப்பது வருடம் விதானையாராக இருந்தவன் நான். கிராம சேவையாளர் என்று அரசாங்கம் பெயரை மாற்றினாலும் சனத்துக்கு நான் விதானையார்தான். அந்த முப்பது வருடமும் ஒரே பிழையைச் செய்துகொண்டிருந்தேன். அதைக் கண்டுபிடித்தவள் நீ. அந்தப் பிழையில் பங்குள்ளவர்கள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்து அந்த மலரைப் படிப்பார்கள். நான் பார்த்த கிராமப் பிரிவின் இலக்கத்தை இங்கே எழுதவில்லை. அவர்களுக்குத் தெரியும்.

நீ பட்டம் முடித்து வந்தபோது உனக்கு நான் மனதில் போட்டு வைத்திருந்த வழி நேரானது. ஒரு ஆசிரியர் நியமனம், இல்லாவிட்டால் வங்கி. நீயோ சனத்தொகையும் சுற்றாடலும் படிக்கப் புலமைப்பரிசில் தேடுகிறேன் என்றாய். "புலமைப்பரிசில் சோதினை அஞ்சாம் ஆண்டிலையே பாஸ் பண்ணிப்போட்டியே, இன்னும் என்னத்துக்கு?" என்று பகிடி விட்டேன். நீ கொம்பியூட்டரை என் பக்கம் திருப்பினாய். அன்றைக்கு நான் கண்டதை இன்றைக்கும் நினைத்து வியக்கிறேன். காடு அழிந்து இடம்பெயர்ந்த சனங்களைப் பற்றிப் படிக்கப் புலமைப்பரிசில் ஒன்று, மீன் குறைந்த கரையோரங்களில் பிள்ளைகள் பிறப்பதைப் பற்றி ஆராய ஒன்று, வயலில் இறங்கி மண்ணையும் குடும்பங்களையும் ஒன்றாக எண்ணப் பழக்குகிற ஆறு கிழமைப் பயிற்சி ஒன்று. உலகத்தில் இப்படியும் கதவுகள் திறந்து கிடக்கின்றன என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. அதைவிட வியப்பு, எல்லா விண்ணப்பத்திலும் இருந்த ஒரு கேள்வி. நீ எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறாய்? எனக்கு அறுபது வயது தாண்டிவிட்டது, பிள்ளை. ஒரு மேலதிகாரியாவது, ஒரு வாத்தியாராவது என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. உன்னிடம் முன்பின் தெரியாத நாடுகள் கேட்டன. நீயும் தயங்காமல் எழுதினாய்: ஆட்கள் போய்விட்ட ஒரு தீவில் தண்ணீருக்கு என்ன நடக்கிறது?

நான் சிரித்தேன். ஆட்கள் போனால் தண்ணீர் மிஞ்சும், இதிலே ஆராய என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் கொம்பியூட்டர் வழியாக நடந்த அந்த ஆறு கிழமைப் பயிற்சிக்கு நீ யன்னலோரம் இருந்ததையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தேத்தண்ணி கொண்டு வந்தபோது திரையில் ஒரு தடித்த மனிதர் எனக்குக் கை காட்டினார். பசிபிக் கடலில் ஏதோ ஒரு தீவாம். "அப்பா, உங்கடை கிணத்துக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரமெண்டு கேக்கிறார்" என்றாய். "அவருக்கு எவ்வளவு எண்டு கேள்" என்றேன். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, பிறகு கைகளைச் சுருக்கிக்கொண்டே வந்தார். சிரித்தபடிதான் செய்தார். ஆனால் கை இரண்டும் கிட்ட வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. தேத்தண்ணி ஆறும்வரை அந்த இடத்திலேயே நின்றேன். எங்கேயோ ஒரு கடலில், மொழி தெரியாத ஒருவருக்கு, என் கிணற்றடிக் கவலையே இருக்கிறது.

பயிற்சி முடிந்ததும் இரவலாக ஒரு கருவி அனுப்பினார்கள். நீளமான வயரும், நுனியில் விரல் அளவு ஒரு குமிழும். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அது சொல்லும். முதலில் நெடுந்தீவுக்குப் போவோம் என்றாய். உன் பையைத் தூக்கிக்கொண்டு குறிகட்டுவான் துறையில் உன்னோடு படகேறினேன். முப்பது வருடம் எனக்குப் பின்னால் ஆட்கள் கோப்புத் தூக்கி வந்தார்கள். அன்றைக்கு நான் உனக்குப் பின்னால் பை தூக்கி வந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பையில்தான் பெருமை கூட இருந்தது. கல் வேலிகளுக்கு இடையால் வெயிலில் நடந்து, வெட்டவெளியில் இருந்த ஒரு கிணற்றடிக்குப் போனோம். பக்கத்துத் தொட்டியில் இரண்டு குதிரைகள் மூஞ்சியை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தன. நீ வயரை இறக்கினாய். மேலே எண் சிறிதாக இருந்தது. ஒரு முழம் இறக்கினாய், கொஞ்சம் கூடியது. அடியை நெருங்கியபோது எண் தாவிப் பாய்ந்தது. "அது கடல், அப்பா" என்றாய்.

எனக்கு விளங்கவில்லை. நீ குந்தியிருந்து மண்ணில் கோடு கீறிக் காட்டினாய். தீவுக்கு அடியில் முழுக்க உப்புத் தண்ணீர். பெய்கிற மழை கீழே இறங்கி அந்த உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. மழைத் தண்ணீர் பாரம் குறைவு, அதனால் சொதிக்கு மேலே எண்ணெய் நிற்கிற மாதிரி மிதக்கிறது. நாங்கள் குடிப்பது அந்த மிதக்கிற தண்ணீரை. மேலாலே பக்குவமாக அள்ளினால் அது கிடக்கும். ஆத்திரப்பட்டு இறைத்தால் கீழே இருக்கிற கடல் எழும்பி வரும், எழும்பினால் லேசில் இறங்காது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பிள்ளை. பிறந்த நாள் தொடக்கம் குடித்த ஒவ்வொரு மிடறும் கடலின் முதுகில் இருந்து அள்ளியது என்பது தெரியாமலே கிழவனாகிவிட்டேன். நான் நின்ற தரையைக் காலால் தடவிப் பார்த்தேன். அங்கே தண்ணீர் அள்ள வந்த ஒரு அம்மா உன்னிடம், "என்ன தங்கச்சி, எங்கடை கிணத்துக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார். "வருத்தமில்லை அக்கா, நல்ல சுகமாயிருக்கு. மேலாலை அள்ளுங்கோ" என்றாய். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்கள் எப்பவும் மேலாலைதானே அள்ளுறது. வாளி அடியிலை முட்டிச்சுதெண்டால் கயித்தைப் பறிச்சுப்போடுவினம்" என்றார். நீ அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாய். உலகத்துப் படிப்பெல்லாம் படித்த பிள்ளை, ஒரு வாளிக்காரி சொன்னதை அப்படிக் குனிந்து எழுதியது எனக்குப் பிடித்தது.

திரும்பி வரும் படகில் நீ கேட்டாய்: "அப்பா, எங்கடை பூவரசடிக் கிணறு ஏன் சவராப் போனது?" நான் சிறுவனாய் இருந்தபோது நாலு குறிச்சிக்கும் நல்ல தண்ணீர் கொடுத்த கிணறு அது. இப்போது உப்புக் கரித்து வாயில் வைக்க ஏலாது. "மழை இல்லைப் பிள்ளை" என்றேன். "நெடுந்தீவிலையும் அதே மழைதானே" என்றாய். நான் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இனித்தான் என் கதை. எங்கள் தீவுகளில் ஆட்கள் வெளியே போவது புதிதல்ல. முன்னைய நாளில் தெற்கே கடை வைக்கப் போனார்கள். முதலாளி மாத்தறையில் இருப்பார், திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் வருவார். அவருடைய பெயரை ஊரவர் பெயர்ப் பதிவான இடாப்பில் வெட்டுகிற வழக்கமே இருந்ததில்லை. ஆள் கடையில், பெயர் ஊரில். அந்த வழக்கத்தோடுதான் நான் உத்தியோகத்துக்கு வந்தேன். பிறகு சண்டை வந்தது, சனம் கடல் தாண்டியது. வருடத்துக்கு இரண்டு முறை வந்தவர்கள் பத்து வருடத்துக்கு ஒரு முறை வந்தார்கள், பிறகு வரவேயில்லை. வழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. மாத்தறையில் கடை வைத்திருந்து ரொறன்ரோவுக்குப் போன கனகலிங்கண்ணை ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் எனக்குப் போன் எடுப்பார். "தம்பி விதானை, என்ரை பேரை வெட்டிப்போடாதை. அது கிடக்குமட்டும்தான் நான் ஊரவன்" என்பார். "கிடக்கும் அண்ணை" என்பேன். அவர் ஒருவரா? எத்தனை பேர் எத்தனை நாட்டில் இருந்து அழுதிருக்கிறார்கள்! ஒரு சல்லி வாங்கவில்லை. கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். வருடாவருடம் பழைய இடாப்பைப் பார்த்துப் புதிய இடாப்பில் அழகான கையெழுத்தில் எழுதினேன். பூட்டிய வீடுகளில் எல்லாம் என் பேனை ஆட்களைக் குடிவைத்தது.

அப்படியிருக்கும்போது ஒரு தண்ணீர்த் திட்டம் வந்தது. "உங்கடை பிரிவிலை எத்தினை பேர்?" என்று கேட்டார்கள். இடாப்பைப் பார்த்துச் சொன்னேன். முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அந்தத் தொகைக்கு ஏற்றபடி பூவரசடியில் பெரிய தாங்கி கட்டி, பெரிய மோட்டாரும் பூட்டினார்கள். தாங்கி நாளும் நிரம்பியது. குடிக்க ஆளில்லை. நிரம்பிய தண்ணீரைச் சும்மா விடுவானேன் என்று பவுசர் லொறிகளில் ஏற்றினார்கள். அது எங்கே போனது தெரியுமா? வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் கட்டிய மாடி வீடுகளுக்குச் சீமெந்து குழைக்கப் போனது. இல்லாத ஆட்களின் பெயரில் இறைத்த தண்ணீர், அதே இல்லாத ஆட்களின் வீட்டுச் சுவரில் காய்ந்தது. கிணற்றின் உறுதிப் பத்திரத்தில் பங்குக்காரர் பதினொரு பேர். ஒருவராவது ஊரில் இருந்தால், "ஏன்ராப்பா இப்பிடி இறைக்கிறியள்?" என்று கேட்டிருப்பார். பதினொரு பேரும் என் இடாப்பில்தான் இருந்தார்கள். சில வருடத்தில் கிணறு சவரானது. வறட்சி என்று சனம் சொன்னது. நானும் அதைச் சொல்லிக்கொண்டு ஓய்வு பெற்றேன்.

நீ பழைய இடாப்புப் பிரதிகளைக் கேட்டபோது சந்தோசமாக எடுத்துத் தந்தேன். என் கையெழுத்து ஒரு ஆராய்ச்சிக்குப் போகிறதே என்ற புளுகமும் பெருமையும். நீ அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகச் சைக்கிளில் போனாய். ஒருநாள் மத்தியானம் வந்து, வியர்வையோடு மேசையில் இடாப்பை விரித்தாய். "அப்பா, இந்த ஒழுங்கையிலை பதினாலு குடும்பம் எழுதியிருக்கிறியள். மூண்டு வீட்டிலைதான் அடுப்பெரியுது." "மற்றவை வருவினம் போவினம்" என்றேன். "பூட்டுக் கறள் கட்டிப்போச்சுது அப்பா" என்றாய். பிறகு மோட்டாரின் கதையையும் பவுசரின் கதையையும் ஒவ்வொன்றாகச் சொன்னாய். நான் விடவில்லை. "இறைச்ச கிணறு ஊறுமெண்டு சும்மாவே சொன்னவை?" என்று கேட்டேன். "ஊறினதுதான் அப்பா. ஊறினது கடல்" என்றாய்.

எனக்கு வந்ததே கோபம்! கோபம் வந்தால் உன்னை நீர் என்பேன். "பெத்த தேப்பனைக் கள்ளனாக்கவோ நீர் படிச்சனீர்? வறட்சி எண்டு எழுதிவிடும்" என்று கத்தினேன். நீ சத்தம் போடவில்லை. "அப்பிடி எழுதலாம். முத்திரை குத்தின இடாப்பு, ஒருத்தரும் பிழை பிடிக்கமாட்டினம். பேந்து அதைப் படிச்சுப்போட்டு இன்னொரு தீவிலை பெரிய மோட்டார் பூட்டுவினம்" என்றாய். கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் ஓமெண்டு சொல்லாமல் நான் அனுப்பமாட்டன்" என்றும் சொன்னாய். இந்த ஆராய்ச்சியோடு சேர்த்து அனுப்பவேண்டிய புலமைப்பரிசில் விண்ணப்பம் முடிய நாலு நாள் இருந்தது. வயதெல்லைக்கு உனக்கு அதுதான் கடைசி வருடம். அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே மூன்று நாள் வாய் திறவாமல் இருந்தேன். நீ சமைத்தாய், நான் சாப்பிட்டேன். என் வாழ்நாளில் நான் வெட்கப்படுகிற மூன்று நாள் அவை. என் நல்ல பெயரை என் பிள்ளையின் வாழ்க்கைக்கு மேலே வைத்து நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் காலை பூவரசடிக்குப் போனேன். ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்தேன். தொண்டையில் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது நீ கோயிலடிப் பக்கம் போயிருந்தாய். மேசையில் உன் கொப்பி கிடந்தது. முதல் தடவையாக அதைத் திறந்து பார்த்தேன். வீடு வீடாக, அடுப்பு எரிகிறதா, கொடியில் உடுப்புக் காய்கிறதா, எத்தனை பேர் தண்ணீர் அள்ளுகிறார்கள் என்று சிறு எழுத்தில் எழுதியிருந்தாய். நடந்தும் சைக்கிளிலும் நீ எண்ணிய அந்த ஊர், நான் முப்பது வருடம் எழுதிய ஊரில் கால்வாசியும் இல்லை. பக்கங்களைத் திருப்பிக்கொண்டே வந்தவன் எங்கள் வீட்டில் நின்றேன். ஒவ்வொரு வீட்டுக்கு நேரேயும் ஒரு தொகை இருந்தது. எங்கள் வீட்டுக்கு நேரே மட்டும் வெறுமை.

ஏன் என்று எனக்குத் தெரியும். என் இடாப்பில் நம் வீட்டில் மூன்று பேர். உன் அம்மா போய் ஏழு வருடம். ஓய்வு பெறும்வரைக்கும் ஒவ்வொரு புது இடாப்பிலும் என் பெயருக்குக் கீழே அவளுடைய பெயரை எழுதினேன். மரணப் பதிவுக்குக் கையெழுத்து வைத்தவனும் நான்தான், இடாப்பில் உயிரோடு வைத்திருந்தவனும் நான்தான். நீ அதைக் கண்டிருக்கிறாய். அன்றைக்கு நான் கத்தியபோது, "அம்மாவையும் எண்ணித்தானே மோட்டார் பூட்டினவை?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அந்த இடத்திலேயே விழுந்திருப்பேன். நீ கேட்கவில்லை. ஊர் முழுவதையும் தயவுதாட்சண்யம் இல்லாமல் எண்ணிவிட்டு, எங்கள் வீட்டை மட்டும் நான் எண்ணட்டும் என்று விட்டிருந்தாய். அந்த வெறும் கோட்டுக்கு முன்னால் இருந்து அழுதேன், பிள்ளை. எனக்குப் பிறந்த பிள்ளையின் நெஞ்சா இது என்று பிரமித்துப் போய் அழுதேன். நீ வந்ததும், "எழுது. விதானை எண்டு மட்டுமில்லை, தேப்பன் எண்டும் எழுது" என்றேன். நீ என் தோளில் ஒருதரம் கை வைத்துவிட்டு யன்னலடிக்குப் போய் இருந்தாய்.

பிறகு நேர்முகம் வந்தது. திரையில் மூன்று பேர். உன் அப்பாவோடும் கதைக்கலாமா என்று கேட்டார்களாம். கல்யாணத்துக்குப் போடுகிற சேட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில் வந்து இருந்தேன். நரைத்த தலையோடு ஒரு அம்மா, ஏன் பெயர்களை வெட்டவில்லை என்று கேட்டார். நான் தமிழில்தான் சொன்னேன். "வெட்டினால் அவை திரும்பி வராயினம் எண்டு நினைச்சன். வெட்டாமல் விட்டும் வரேல்லை. கிணறு மட்டும் போச்சுது" என்றேன். நீ உடனே மொழிபெயர்க்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னாய்.  பிறகு அந்த அம்மா எனக்கு நன்றி சொன்னார். என் பிழையைச் சொன்னதற்கு ஒருவர் எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

கிடைத்துவிட்டது என்ற செய்தியோடு நீ குசினியில் இருந்து ஓடி வந்த கோலம் என் கண்ணை விட்டுப் போகாது. எந்த நாடு என்று கேட்டேன். ஒல்லாந்து என்றாய். அந்தக் காலத்தில் ஒல்லாந்தர் இங்கே கப்பலில் வந்து, எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். நெடுந்தீவுக்கு அவர்கள் வைத்த பெயர் இன்றும் கடதாசியில் கிடக்கிறது. அவர்களும் பெயர் எழுதினால் ஊர் தங்களுடையது என்று நினைத்தவர்கள்தானே! இப்போது அந்தப் பெயருக்குச் சொந்தமான ஊர் இருக்கும் நாட்டில் என் மகள் இருக்கிறாள். கடலைவிடப் பள்ளத்தில் கிடக்கிற நாடாம், கடலைத் தள்ளி வைத்துக்கொண்டு வாழ்கிறார்களாம். நெடுந்தீவு வாளிக்காரி சொன்னதை அவர்களுக்கு நீ சொல்வாய். நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

நீ போன பிறகு நடந்ததையும் சொல்கிறேன். பிரதேச செயலகத்துக்கு நானே நடந்ததை எழுதிக் கொடுத்தேன். நீ என்னிடம் விட்டுப்போன கொப்பியின் பிரதியையும் வைத்தேன். பூவரசடி மோட்டாரை நிறுத்தியிருக்கிறார்கள். கிணறு திரும்ப இனிக்குமா என்று உன்னைக் கேட்டதற்கு, பல மாரி வேண்டும், அப்போதும் சொல்ல ஏலாது என்றாய். பொய்யான ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் நன்றி. கனகலிங்கண்ணைக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். "என்னை உயிரோடை கொன்றுபோட்டியே விதானை!" என்று கத்தினார். "சாகேல்லை அண்ணை, போனவை எண்டு வேறை கொப்பியிலை எழுதி வைச்சிருக்கிறன். முதல் பேரே உங்கடைதான்" என்றேன். கொஞ்சம் சமாதானம் ஆனார். பிறகு, "கிணறு மெய்யாவே சவரோ?" என்று மெல்லக் கேட்டார். அவர் அந்தக் கிணற்றின் பங்குக்காரர். ஓம் என்றேன். 

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதோ தெரியாது. பிழை விட்டவன் என்ற தகுதியில் இரண்டொன்று சொல்கிறேன். எண்ணும்போது இரக்கப்படாதே, எண்ணி முடித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் இரக்கப்படு. நான் அதை மாற்றிச் செய்தேன். இன்னொன்றும் சொல்லவேண்டும். இரண்டு வருடம் என்று போயிருக்கிறாய். அது நாலாகலாம், அங்கேயே ஒரு வேலை வரலாம். வந்தால், அப்பா தனிய இருக்கிறாரே என்று உன் பெயரை இங்கேயும் அங்கேயுமாக இழுத்துக்கொண்டு திரியாதே. எங்கே தண்ணீர் குடிக்கிறாயோ அங்கே பெயரை எழுது. வரவேண்டும் என்று தோன்றினால் வா, வந்து இங்கே குடி, அன்றைக்கு இங்கே எழுதலாம். சும்மா பெயருக்காக மட்டும் என்னிடம் இராதே.

நேற்றுக் காலை புதிய விதானையாரான பெண்பிள்ளை வந்தா. உன் வயது இருக்கும், சைக்கிளில்தான் வந்தா. வீடு வீடாகப் போய்த் திரும்ப எழுதுகிறாவாம். படிவத்தை எடுத்துக் கதிரையில் இருந்துகொண்டு, "ஐயா, வீட்டிலை எத்தினை பேர்?" என்று கேட்டா. நானும் முப்பது வருடம் அதே கேள்வியைக் கேட்டவன், பதில் இவ்வளவு பாரமாக இருக்கும் என்று அறிந்ததில்லை. குசினிப் பக்கம் பார்த்தேன். யன்னலில் உன் துண்டு கிடந்தது. சுவரில் உன் அம்மாவின் படம் இருந்தது.

"ஒராள்" என்றேன்.

அந்தப் பிள்ளை என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்று என்று எழுதினா. படிவத்தை என் பக்கம் திருப்பித் தந்தா. நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். சரியாக இருந்தது. கையெழுத்து வைத்தேன்.

பிறகு உன் கொப்பியை எடுத்து, எங்கள் வீட்டுக்கு நேரே நீ விட்டிருந்த இடத்திலும் அதையே எழுதினேன். உன் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது, பிள்ளை.

அப்பா